வெண்ணெய் உருண்டைக்கு வேலூரில் சொந்தக்காரர்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளிலிருந்து வருடா வருடம் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான்கு மாவட்டப் பெயர்களை எழுதும்போதே கை தயங்குகிறது. நான் படித்த காலத்தில் இது மொத்தமும் வட ஆற்காடு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கலெக்டர் ஆபீஸ்கள் கூடின, மலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த மடல் மலைகளைப் பற்றியது என்பதால் வட ஆற்காட்டு ஆசிரியர்கள் என்று பழைய பெயரிலேயே உங்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஜனவரியில் பள்ளியிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்து. டிபன் பாக்ஸில் புளிச்சோறு. இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்பினாள். பையில் ஒரு சிப்பி மாலை, செருப்பு நிறைய மணல், போனில் நூற்றுச் சொச்சம் படம். அதில் பாதிப் படம் வெண்ணெய் உருண்டைக்குக் கீழே கையைத் தூக்கித் தாங்குகிற மாதிரி எடுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் அதே போஸ்.

"அப்பா, எவ்ளோ பெரிய கல்லு தெரியுமா! உருண்டு வர்ற மாதிரியே நிக்குது. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

எங்கள் வீடு சத்துவாச்சாரிப் பக்கம். மாடியில் துணி காயப்போடப் போனால் எதிரே மலை. அந்த மலைச் சரிவில் உருண்டு வருகிற மாதிரி நிற்கும் கல் எத்தனை என்று எண்ணியது கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. டிக்கெட் வாங்கி, கைடு விளக்கி, பலகை வைத்துக் காட்டினால்தான் அது கல். வீட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் மலை.

"அந்தக் கல் எப்படி அங்க வந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். "கடல் அலை உருட்டிக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னது, கைடா, ஆசிரியரா, கூடப் படிக்கும் பிள்ளையா என்று தெரியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். போர் போடும் முன் நிலத்தடி நீர் எங்கே இருக்கும் என்று கருவி வைத்துச் சொல்பவன் நான். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்ப்பவர்கள் எனக்குப் போட்டி. அவர்களுக்குத்தான் மவுசு அதிகம், போகட்டும். ரிக் வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று குழியிலிருந்து வரும் கல் மாவைச் சலித்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. முதலில் மண், அப்புறம் மக்கிய பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறை வந்ததும் வண்டியின் சத்தமே மாறும். வீட்டுக்காரர் முகமும் மாறும், இனி அடிக்கு அடி பணம். எண்ணூறு அடி போய்ப் புகை மட்டும் வந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மற்ற மூன்றும் அப்படியேதான். அதில் நீரில்லா ஆறும் மரமில்லா மலையும் என் பிழைப்பு.

அந்தக் கல் மாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கருமை தெரியும். ஈரமாக இருந்தால் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. இதை உடைத்துத்தான் ஜல்லி போடுகிறார்கள். கான்ட்ராக்டர்கள் புளூ மெட்டல் என்கிறார்களே, அந்த நீலம் இதுதான். வெயிலிலும் மழையிலும் கிடந்து மேல்தோல் பழுப்பாகிவிடுவதால் மலையைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நீலம் தெரியாது.

இதன் பெயர் சார்னோகைட். பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் வங்காளத்துக் கல் இல்லை, சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரை வைத்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைதான் அதற்கு மாதிரி. பரங்கிமலையில் இன்றைக்கும் அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். நம் வீட்டுக் கக்கூஸ் அஸ்திவாரத்தில் கிடக்கும் கல்லுக்கு உலகம் முழுக்க ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பெயர். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஹாலண்ட் பல்லாவரம் என்றே வைத்திருக்கலாம்.

பரங்கிமலையில் தலைகாட்டுகிற அந்தப் பாறைக் குடும்பம் பல்லாவரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று கடலோரம் வரை போகிறது. மேற்கே நம் பக்கம், வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி மலைகள் வரை அதே குடும்பம். குடும்பம் என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். எல்லாக் கல்லும் அச்சு அசலாக ஒன்று இல்லை. சில இடத்தில் சுத்தமான சார்னோகைட். சில இடத்தில் வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும் நீஸ். சில இடத்தில் சிவப்புக் கார்னெட் புள்ளிகள். அண்ணன் தம்பி ஜாடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துப் பலகையில் கிரானைட் என்று இருக்கும். ஊர்ப் பேச்சில் கருங்கல். இரண்டையும் தப்பு என்று சண்டை போட வேண்டியதில்லை.

வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் மகளிடம் வேறு மாதிரி சொன்னேன். இந்தப் பாறை உருவானது தரைக்கு மேல் இல்லை, 20 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும். வேலூரிலிருந்து ஆற்காடு போகிற தூரத்தை அப்படியே செங்குத்தாகப் பூமிக்குள் நிறுத்து. அவ்வளவு ஆழத்தில் வெந்ததுதான் இன்றைக்கு நீ செல்ஃபி எடுக்கும் கல். சரி, மேலே இருந்த அத்தனை கல்லும் எங்கே போனது? மழையும் வெயிலும் அரித்து, ஆறுகள் அடித்துக்கொண்டு போயின. நாம் மலை உச்சி என்று ஏறி நிற்கிற இடம் ஒரு காலத்தில் பூமியின் அடி ஆழம்.

இனி வெண்ணெய் உருண்டை. ஆறு மீட்டர் உயரம், ஐந்து மீட்டர் அகலம், சுமார் 250 டன் என்பார்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன்னால் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகு கூட்டம் இன்னும் அதிகம். அதை அலையும் உருட்டவில்லை, யாரும் கொண்டுவந்து வைக்கவும் இல்லை. அது இருந்த இடத்திலேயேதான் உருண்டையானது.

மேலே இருந்த பாரம் அரிந்து குறையக் குறைய, கீழே அழுந்திக் கிடந்த பாறை விரிந்து பிளவு விடும். நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று, கிடையாக ஒன்று. பாறை முழுக்கப் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிந்து நிற்கும், ஆனால் எல்லாம் மண்ணுக்கடியில். மழைத்தண்ணீர் அந்தப் பிளவுகளில் இறங்கும். கட்டியின் மூலையை மூன்று பக்கமிருந்து தண்ணீர் தின்னும், விளிம்பை இரண்டு பக்கமிருந்து, முகத்தை ஒரு பக்கமிருந்து. ஆகவே மூலைதான் முதலில் மக்கும். சோப்புக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் முனை முதலில் கரைவதில்லையா, அதே கணக்கு. பல காலம் கழித்து நடுவில் ஓர் உருண்டை மட்டும் கெட்டியாக நிற்கும், சுற்றிலும் மக்கிய மண். அப்புறம் மழை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போய்விட்டால் உருண்டை வெளியே வந்து உட்கார்ந்திருக்கும். மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்துகொண்டே இருக்கும். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் பாறையும் மண்ணும் என்று நீங்கள் நடத்தும் பாடம்தான் இது. அந்தப் பாடத்துக்கு நம் மலையைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

இதில் இன்னொன்று. மாமல்லபுரத்தில் உருண்டையைச் செய்த அதே மாதிரிப் பிளவில்தான் நம் வீட்டு போரில் தண்ணீர் வருகிறது. கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் கிடையாது. பிளவைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் புகை. மலையில் உருண்டைகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்த்தாலே கீழே பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஓரளவு யூகிக்கலாம். கருவியை இறக்கும் முன் நான் முதலில் செய்வது அதைத்தான். வீட்டுக்காரர்கள் நான் மலையை வேடிக்கை பார்ப்பதாக நினைப்பார்கள்.

பேருந்துப் பயணத்துக்கு வருகிறேன். உங்களிடம் நான் கேட்கப்போவது அங்கேதான் இருக்கிறது. வேலூரிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்புவதால் பிள்ளைகள் தூங்குகிறார்கள், விழித்தவர்கள் பாட்டுப் போடச் சொல்லி டிரைவரை நச்சரிக்கிறார்கள். ஜன்னல் பாடப்புத்தகம் என்பதை யாரும் சொல்வதில்லை. இரத்தினகிரி வரை மலைகள் கூடவே வரும். ஆற்காட்டுக்குப் பக்கத்தில் பாலாற்றைத் தாண்டுவோம். வாலாஜா தாண்டினால் மலைகள் சின்னதாகும். காவேரிப்பாக்கம் ஏரிக்கு அப்புறம் நிலம் தட்டை, காஞ்சிபுரம் முழுக்கத் தட்டை. இங்கே பாறை தீர்ந்துவிட்டது என்று தோன்றும். தீரவில்லை, முழுகியிருக்கிறது. மேலே ஆற்று வண்டல், சில இடங்களில் அதற்கும் கீழே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தெரிகிற களிப்பாறை. அந்தக் களிப்பாறையில் டைனோசர் காலத்து இலைகளின் அச்சு கிடைக்கிறது. அதற்கெல்லாம் அடியில் நம் கல்தான் படுத்திருக்கிறது. செங்கல்பட்டில் மறுபடி தலையைத் தூக்கும். திருக்கழுக்குன்றத்தில் எழுந்தே நிற்கும். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிய கையோடு, மணலுக்கு நடுவில் கடைசியாக ஒருமுறை முதுகைக் காட்டும். அந்த முதுகுக்குத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம்.

சென்னையிலிருந்து தெற்கே கடற்கரை முழுக்க மணலும் கழிமுகமும் உப்பங்கழியுமாக இருக்க, இந்த ஓர் இடத்தில் மட்டும் கெட்டிப் பாறை கடலோடு முட்டிக்கொண்டு நிற்பது பல்லவர் கண்ணில் பட்டது. கடலைப் பார்த்த பாறை என்பதால் அதைக் கடற்கரைப் பாறை என்கிறோம். உண்மையில் பாறை கடலுக்குப் போகவில்லை, கடல்தான் பாறையிடம் வந்தது. பாறைக்கு 250 கோடி வயது என்றால் வங்காள விரிகுடா நேற்றுப் பிறந்த குழந்தை. பதின்மூன்று கோடி ஆண்டு அளவில்தான் இந்தக் கிழக்குக் கரை அன்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தது. அதற்கு முன் மாமல்லபுரத்துக்குக் கிழக்கே கடல் இல்லை, நிலம். அன்டார்க்டிகாவின் என்டர்பி நிலத்தில் இன்றும் சார்னோகைட் குடும்பத்துப் பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு வகைக்கு என்டர்பைட் என்றே பெயர். ஆகவே வெண்ணெய் உருண்டைக்குப் பனிக்கட்டிக்குக் கீழேயும் பங்காளிகள் உண்டு. இவ்வளவு பழைய கதைகூட வேண்டாம். 20,000 ஆண்டுக்கு முன், பனிக்காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தப் பாறை முதுகில் ஏறி நின்று பார்த்தவருக்குக் கடல் வெகு தூரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அங்கே காலில் ஒட்டும் மணலையும் பிள்ளைகள் உதறிவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பாலாறு நந்தி மலையில் கிளம்பி 348 கிலோமீட்டர் ஓடுகிறது. கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று நம் ஊர்களையெல்லாம் தொட்டுவிட்டுக் கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. மாமல்லபுரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் அளவு தெற்கே. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவத்தில் திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அப்படியென்றால் பாலாறு ஓடிய காலத்தில் வேலூர் மலையிலிருந்து உதிர்ந்த குவார்ட்ஸ் மணியும் கார்னெட் மணியும் போய்ச் சேர்ந்த கரைகளில் மாமல்லபுரமும் ஒன்று. அலை விலகும்போது மணலில் கறுப்பும் செம்மையுமாக ஒரு கோடு தெரியுமே, அந்தக் கனமான மணிகளில் நம் மலையின் துகளும் இருக்கும். என் மகளின் செருப்பில் வந்த மணலை லென்ஸ் வைத்துப் பார்த்தோம். சிவப்பு மணி ஏழு எண்ணினாள். ஆறாவது மணிக்கே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, அவள் விடவில்லை.

வாயலூரைச் சொன்னதால் ஒன்று. ஆறு கடலில் சேரும் அந்த ஊரில் இராஜசிம்ம பல்லவன் ஒரு தூணில் தன் முன்னோர் பட்டியலை வெட்டி வைத்திருக்கிறான். அதே இராஜசிம்மன் பெயரில்தான் கடற்கரைக் கோயிலும் பேசப்படுகிறது. ஆற்றின் வாய் அவனுக்கு முக்கியமாகப்பட்டிருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை தருவது பல்லவர் விஷயம்தான். பிள்ளைகள் பல்லவர் கலை என்றால் மாமல்லபுரம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். கல்லைக் குடைந்து கோயில் செய்யும் பழக்கத்தைத் தொண்டை நாட்டில் தொடங்கிவைத்தவன் முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அவன் கைவைத்த பாறைகள் பெரும்பாலும் உள்நாட்டில் இருக்கின்றன. மண்டகப்பட்டும் தளவானூரும் விழுப்புரம் பக்கம். மகேந்திரவாடி, மாமண்டூர், சீயமங்கலம் மூன்றும் நம் பழைய வட ஆற்காடு. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்தேன் என்று பெருமையடிக்கிறான். மாமல்லபுரத்து ரதங்களை யார் செய்தார்கள், மாமல்லனா, இராஜசிம்மனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எந்தக் கட்சியில் நின்றாலும் மகேந்திரவாடி முந்தியது. அதாவது, இந்தக் கல் உளிக்கு எப்படிப் பிடி கொடுக்கும், எங்கே விரிசல் விடும், எவ்வளவு குடையலாம் என்ற படிப்பு நம் ஊர்ப் பாறைகளில் நடந்தது. கடற்கரையில் நடந்தது அதன் மேற்படிப்பு. ஒரே பாறைக் குடும்பமாக இருந்ததால்தான் அந்தப் படிப்பு அங்கே செல்லுபடியானது என்பது என் எண்ணம். வரலாற்று ஆசிரியர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

மகேந்திரவாடியைப் பார்க்காதவர்களுக்கு: சோளிங்கர் பக்கம், இராணிப்பேட்டை மாவட்டம். வயல்வெளிக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு பாறை. வெண்ணெய் உருண்டைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தாழ்வாக, அகலமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் கிழக்கு முகத்தைக் குடைந்து ஒரு கோயில். தூணில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள் ஒன்று. குணபரன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்த அரசன், மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், பாறையைப் பிளந்து திருமாலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற இந்தக் கோயிலைச் செய்தான் என்று அது சொல்கிறது. நான் போன இரண்டு முறையும் அங்கே என்னைத் தவிர ஓர் ஆடு மேய்ப்பவர் மட்டும் இருந்தார். மாமண்டூர் இன்னும் அழகு. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டிப் போனால் குன்றில் நான்கு குடைவரைகள், எதிரே சித்திரமேக தடாகம் என்று பழம்பெயர் கொண்ட பெரிய ஏரி. ஏரி நிறைந்திருக்கும் தை மாதத்தில் போனால் உங்கள் பிள்ளைகள் கடலைக் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல ஆசை. கேட்பார்கள், எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே குடும்பத்துக் கல், காலமும் ஏறக்குறைய ஒரு நூறு ஆண்டு வித்தியாசத்துக்குள். கடற்கரைக் கோயிலின் வெளிச்சுவரில் இருக்கும் உருவங்களின் முகம் உப்புக்காற்றிலும் மணலிலும் தேய்ந்து போயிருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் கடல் பக்கம் கல் கொட்டித் தடுப்பும் காற்றுக்குச் சவுக்குத் தோப்பும் வைத்தார்கள். மகேந்திரவாடிச் செய்யுளை இன்றும் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். கல் ஒன்று, காற்று வேறு. பக்கம் பக்கமாகப் பாறைச் சிதைவு பற்றி எழுதவைக்கும் நேரத்தில் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். கடற்கரைக் கோயில் கல்லை அடுக்கிக் கட்டியது, மகேந்திரவாடி குடைந்தது என்று ஏதாவது ஒரு பிள்ளை குறுக்கே சொல்லும். அந்தப் பிள்ளையை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். அப்புறம் அதே கடற்கரைக் கோயிலுக்குள் பள்ளிகொண்ட பெருமாள் தாய்ப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்றும் சொல்லுங்கள்.

எல்லா மலையையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஏலகிரி இந்தக் குடும்பம் இல்லை. அது சையனைட் (syenite) என்ற தீப்பாறை, வயது சுமார் 75 கோடி ஆண்டுதான், நம் கல்லுக்கு முன்னால் சின்னப் பையன். திருப்பத்தூர் ஆசிரியர்கள் அதைத் தனியாகக் கொண்டாடலாம். திருவண்ணாமலை அணைந்துபோன எரிமலை என்று வாட்சப்பில் கார்த்திகை தோறும் ஒரு செய்தி சுற்றும். அண்ணாமலையார் நெருப்பாக நின்றார் என்பது பக்தி, அதில் எனக்கு மறுப்பில்லை, நானும் கிரிவலம் போகிறவன்தான். ஆனால் அந்த மலையின் பாறை எரிமலைப் பாறை இல்லை. அதுவும் நம் பழைய உருமாறிய பாறைதான். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லலாம், யாருக்கும் மனம் புண்படாது.

நேரமில்லை, போர்ஷன் முடியவில்லை, பேருந்து வாடகை கிலோமீட்டருக்கு இவ்வளவு, பெற்றோர் கடலும் முதலைப் பண்ணையும்தான் கேட்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவியும் ஆசிரியைதான், வீட்டில் தினமும் கேட்கிறேன். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சுற்றுலாவுக்கு முந்தின வாரம் ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு குன்றின் அடிவாரத்துக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போங்கள். ஓர் உருண்டைக் கல்லைக் காட்டுங்கள், உரியும் தோலைத் தொடச் சொல்லுங்கள். ரோடு போடக் கொட்டிய ஜல்லியில் ஒரு துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். உள்ளே நீலம், வெளியே பழுப்பு. அந்தத் துண்டோடு மாமல்லபுரம் போகட்டும். அங்கே எதையும் உடைக்கக் கூடாது, கீறக் கூடாது. கையில் இருப்பதை வைத்து அங்கே இருப்பதைப் பார்த்தால் போதும். முடிந்த பள்ளிகள் போகும் வழியிலோ வரும் வழியிலோ மகேந்திரவாடியிலோ மாமண்டூரிலோ ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். இரண்டுமே நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் விலகித்தான் இருக்கின்றன. முதலைப் பண்ணையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், முதலைகள் கோபித்துக்கொள்ளாது.

அந்தக் குன்று குவாரியாகிப் போயிருந்தால்? சில ஊர்களில் அதுதான் நிலைமை. நானும் அந்த ஜல்லியில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன், வாய் திறக்க எனக்கு யோக்கியதை குறைவு. குவாரிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம், ஆபத்து. அடுத்த ஊர்க் குன்றைப் பாருங்கள். வள்ளிமலை இருக்கிறது, விளாப்பாக்கத்துப் பஞ்சபாண்டவர் மலை இருக்கிறது. இரண்டிலும் சமணர் தங்கிய குகையும் உண்டு, கல்வெட்டும் உண்டு. வரலாறு, புவியியல் என்று இரண்டு பீரியடைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் எனக்குப் பெரும்பாலும் ரிக் வேலை இருக்காது. கூப்பிட்டால் வருகிறேன், போக்குவரத்துச் செலவு என்னுடையது. இரண்டு லென்ஸ் இருக்கிறது. அறுபது பிள்ளைகள் என்றால் பத்தாவது வேண்டும், அதைப் பள்ளி ஏற்பாடு செய்தால் நல்லது. காட்பாடி, சத்துவாச்சாரி, ஆற்காடு, சோளிங்கர் என்று பல இடத்தில் போர் போட்டபோது எடுத்த கல் மாவு, அடி வாரியாகப் பாலிதீன் கவரில் கட்டி வீட்டு மாடியில் மூன்று சாக்கு கிடக்கிறது. மனைவி தூக்கிப் போடச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. டூர் தேதி முடிவாகும் முன், நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
போர் பாயின்ட் பார்ப்பவன்,
சத்துவாச்சாரி, வேலூர்